பழையாறை உடன்பிறந்தார் மூவரும் தமிழ் வாசகரும்

திறனாய்வாளர் எழுதியவை நூலாகி நிலைக்கின்றன; வாசகர் பேசியவை திண்ணையோடும் புகைவண்டிப் பெட்டியோடும் கரைந்துவிடுகின்றன. இலக்கிய வரலாறு எழுதுவோர் இந்த இரண்டாம் வகைக் கருத்துகளைப் பொருட்படுத்துவதில்லை. எனினும், தமிழில் ஒரு புதினத்தைப் பொறுத்தவரை வாசகர் பேச்சை ஒதுக்கிவிட்டு அதன் வரலாற்றை எழுத இயலாது. கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29 அன்று தொடங்கி 1954 மே 16 அன்று நிறைவுற்ற ‘பொன்னியின் செல்வன்’ அத்தகையது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்ட இக்கதையை மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் எதிர்பார்த்துப் படித்த தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆனால் அத்தலைமுறை தொடங்கி வைத்த வழக்காடல் ஓயவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? நந்தினி யார் மகள்? குந்தவை செய்தது நியாயமா? அருள்மொழி அரியணையைத் துறந்தது தியாகமா, சூழ்ச்சித் திறமா? இவ்வினாக்களுக்கு வாசகர் தந்த விடைகளின் போக்கையும், அவ்விடைகள் சோழ வரலாற்றின்மீது படிந்துவிட்ட விதத்தையும் காண்பதே ஈண்டு நோக்கம்.

கதையின் கட்டமைப்பு எளிது. சுந்தர சோழரின் மக்கள் மூவர். மூத்தவன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில். அவனுக்கு இளையவள் குந்தவை பழையாறையில். இளையவன் அருள்மொழிவர்மன் ஈழத்துப் போர்க்களத்தில். மூவரும் ஒரே இடத்தில் கூடி நிற்கும் காட்சியைக் கல்கி வாசகருக்குத் தரவே இல்லை. அண்ணனின் ஓலையைத் தங்கைக்கும், அக்காளின் ஓலையைத் தம்பிக்கும் சுமந்து செல்கிறான் வந்தியத்தேவன். ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் அவ்வீரன், உண்மையில் பிரிந்து கிடக்கும் ஓர் உடன்பிறப்பின் மூன்று முனைகளை இணைக்கும் நூலிழை. ஸ்காட், டூமா ஆகியோரின் வீர சாகசக் கதைகளைக் கல்கி கற்றவர் என்பதும், வந்தியத்தேவனிடத்தில் டூமாவின் தார்த்தஞானின் சாயல் உண்டென்பதும் பலரும் கூறியதே. அதில் புதுமை ஒன்றுமில்லை. அந்த ஓலை எடுத்துச் செல்லும் உத்தியை உடன்பிறப்புப் பாசத்தின் ஊர்தியாக்கியதே கல்கியின் தனித்தன்மை.

அரியணைக்காக உடன்பிறந்தார் மோதும் கதைகளுக்கு உலகில் பஞ்சமில்லை. அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி 1970 முதல் 1991 வரை பத்து நாவல்களாக எழுதிய ‘ஆம்பர்’ என்னும் மாயக் கதை வரிசையின் முதல் ஐந்தும், ஒரு மன்னனின் மக்கள் ஒருவரையொருவர் நம்பாமல் வஞ்சித்துப் போரிடும் கதையே. தமிழிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றதையும், பெற்ற மக்கள்மீதே கோப்பெருஞ்சோழன் போருக்கு எழுந்ததையும் புறநானூறு அறிந்தோர் அறிவர். பாண்டியர் குலத்தில் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் மோதிய மோதல் பதினான்காம் நூற்றாண்டில் நாட்டையே குலைத்தது. ஆயின், தமிழ் வாசகன் நெஞ்சில் ஆழப் பதிந்த உடன்பிறப்புக் கதைகள் இவையல்ல. நிமித்திகன் சொல் பொய்யாகுமாறு துறவு பூண்ட இளங்கோவின் கதையும், பாதுகைகளை அரியணையில் ஏற்றிய பரதனின் கதையுமே அவன் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவை. கொடுக்கப்பட்ட அரசை வேண்டாமென்பவனே உயர்ந்தவன் என்னும் அளவுகோல் அவனிடம் முன்னரே இருந்தது. கல்கி அந்த அளவுகோலுக்குப் பொருந்திய தலைவனைத் தந்தார். ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயரிட்டபோது, வாசகர் ஏற்கெனவே அச்சிகரத்தின் அடிவாரத்தில் வந்து நின்றிருந்தனர்.

முதல் தலைமுறை வாசகரின் மனநிலையை அறிவதற்கு மிகச் சிறந்த சான்று கல்கியே எழுதிய முடிவுரை. கதை சட்டென்று நின்றுவிட்டது, பாத்திரங்களின் பிற்கால வாழ்வு சொல்லப்படவில்லை என்ற வாசகரின் மனக்குறைக்கு அவர் அதில் விடை கூறுகிறார். ஒரு நாவலாசிரியர் தம் வாசகர் முன் நின்று கணக்கு ஒப்புவிக்கும் காட்சி தமிழில் அரிது. சிவகாமியின் சபதம் பல்லாண்டுக் கால நிகழ்ச்சிகளைக் கொண்டது. பொன்னியின் செல்வனோ சில மாதங்களில் நிகழ்ந்து முடிவது. ஆகவே முன்னதைப்போல் எல்லா வாழ்வுகளையும் முடித்துக் காட்ட இதில் இடமில்லை. இந்த விளக்கம் கலை நோக்கில் சரியானதே. ஆனால் வாசகர் அதனால் நிறைவடையவில்லை. அவர்கள் கேட்டது கலைக் காரணம் அன்று. வானதிக்கு என்னவாயிற்று என்பதே. அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார். விடை சொல்லக்கூடிய ஒரே மனிதர் இல்லாமற் போன பின், விடைகளை வாசகர்களே ஆக்கிக்கொள்ளத் தொடங்கினர்.

இங்கே வாசிப்பின் புறச் சூழலையும் ஒரு சொல் கூற வேண்டும். இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கட்டடம் செய்து வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அக்காலக் குடும்பங்களில் பரவலாக இருந்தது. மணியத்தின் ஓவியங்களோடு, எண்ணெய்க் கறை படிந்து, பக்க ஓரங்கள் உதிர்ந்த அத்தொகுதிகள் கை மாறிக் கை மாறித் தெரு முழுவதும் சென்றன. நூலகத்திற்குச் செல்ல வாய்ப்பில்லாத பெண்கள் ஒரு பெரும் புதினத்தைப் படித்ததும், அதுபற்றித் தம் கருத்தைத் தயங்காமல் சொன்னதும் இவ்வாறுதான். குந்தவையும் நந்தினியும் பெற்ற கவனத்தில் பாதியைக்கூட ஆண் பாத்திரங்கள் பல பெறாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். பின்னாளில் கல்கி இதழ் இக்கதையை மீண்டும் மீண்டும் தொடராக வெளியிட்டது. வினு, பத்மவாசன் முதலியோர் புதிதாக வரைந்தனர். எனினும் குந்தவையின் கொண்டை எப்படியிருக்க வேண்டும் என்பதில் மணியத்தின் கோடுகளே இன்றும் தீர்ப்பு. 1990-களின் இறுதியில் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பெருகின. வானதி பதிப்பகத்தின் ஐந்து தொகுதிகளை மட்டுமே அறிந்திருந்த வீடுகளில் பல்வேறு பதிப்புகள் புகுந்தன.

இனி, வாசகர் தீர்ப்புகளுக்கு வருவோம். மூவருள் வாசகரின் இரக்கத்தைப் பெற்றவன் கரிகாலன். மதிப்பைப் பெற்றவன் அருள்மொழி. வியப்பைப் பெற்றவள் குந்தவை. ஆனால் குந்தவையைப் பற்றிய கருத்தே காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. தொடக்கத்தில் அவள் அறிவுக்கும் நாட்டுப் பற்றுக்கும் இலக்கணமாகப் போற்றப்பட்டாள். நாளடைவில், தம்பியின் வாழ்வைத் தன் விருப்பப்படி வடிவமைக்கும் அக்காள் என்னும் முணுமுணுப்பு எழுந்தது. பூங்குழலியை விலக்கி வானதியை முன்னிறுத்துபவள் அவள். தம்பி யாரை மணக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும், எப்போது ஒளிந்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் முடிவு செய்பவள் அவளே. இளவயதில் நந்தினியைத் தன் இனத்தவளாக ஏற்க மறுத்த அவளது செருக்கே கரிகாலனின் மரணத்துக்கு முதல் வித்து என்று வாதிடும் வாசகர் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நந்தினி தங்கள் தந்தைக்குப் பிறந்தவளாக இருக்கலாம் என ஐயுற்று, அச்செய்தியை வந்தியத்தேவன் வாயிலாக அண்ணனுக்குச் சொல்லி அனுப்புகிறாள் குந்தவை. பாசத்தால் அனுப்பிய அச்செய்தி கரிகாலனின் உள்ளத்தைக் காப்பதற்கு மாறாக உடைத்தே விடுகிறது. தங்கையின் அறிவு அண்ணனுக்கு நஞ்சாகும் இப்பகுதி கல்கி எழுதியவற்றுள் மிகக் கூர்மையானது. வாசகர் பலர் நந்தினியின் பிறப்பு இரகசியத்தை மட்டும் துருவுவதால், அதைத் தூக்கிச் சென்ற கை யாருடையது என்பதைக் கவனிப்பதில்லை.

நந்தினியோ முற்றும் கற்பனை. அவள் பெயர் எக்கல்லிலும் இல்லை. ஆயினும் புதினத்தின் எந்த வரலாற்று மாந்தரையும் விட அவளே வாசகருக்கு மெய்யானவள். வாசகரின் பேச்சு ஆதித்தனின் கொலையிலிருந்து தொடங்கினாலும் நந்தினியில்தான் வந்து முடியும்.

கொலையைப் பற்றிய கருத்துகளே தனி நூலுக்குரியவை. கடம்பூர் மாளிகையின் இருளில் கல்கி வேண்டுமென்றே பலரை நிறுத்தினார். நந்தினி அங்கே இருக்கிறாள், வந்தியத்தேவன் மறைந்திருக்கிறான், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் சூழ்ந்துள்ளனர், பெரிய பழுவேட்டரையரும் வந்து சேர்கிறார். பழி வந்தியத்தேவன்மீது விழுகிறது. அவனைக் காக்க மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். பெரிய பழுவேட்டரையர் தாம் பொறுப்பேற்று உயிர் துறக்கிறார். இத்தனை ஒப்புதல்களுக்குப் பின்னும் வாசகர் எவரும் நிறைவடையவில்லை. கரிகாலன் தன் சாவைத் தானே தேடிச் சென்றான் என்பது ஒரு சாரார் கட்சி. கொலை நடந்த அறையில் கதையாசிரியரே விளக்கை அணைத்துவிட்டார் என்ற குறைபாடு மற்றொரு சாராருடையது. உண்மையில் விளக்கை அணைத்தது கல்கி அல்லர்; வரலாறு.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு ஒன்றே இக்கொலைக்கு நேரடிச் சான்று. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் அது, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு வந்த அரச ஆணையைக் கூறுகிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலசோழனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், பஞ்சவன் பிரமாதிராசனாகிய ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராசனாகிய பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அவர்களுக்கும் அவர்தம் சுற்றத்தாருக்கும் உரிய உடைமைகள் பறிமுதலானதை அறிவிக்கிறது. பெயர்கள் உள்ளன, காரணம் இல்லை. தூண்டியவர் எவர் என்பதும் இல்லை. கொலை நிகழ்ந்தது 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில். இராசராசன் முடி சூடியது 985-இல். இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டவன் உத்தம சோழன். அவ்வளவு காலம் கொலையாளிகளின் உடைமைகள் ஏன் தொடப்படாதிருந்தன? நீலகண்ட சாஸ்திரியார் இவ்வினாவை எழுப்பி, ஐயத்தின் நிழலை உத்தம சோழன்மீது வீழ்த்தினார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தாரோ உத்தம சோழனைக் குற்றவாளியாக்க இசையவில்லை. உத்தமனை விடுவிப்போர் காட்டும் சான்றுகளுள் ஒன்று உளங்கொள்ளத்தக்கது: இராசராசன் தன் மகனுக்கு இட்ட பெயர் மதுராந்தகன், அவனே பின்னாளில் இராசேந்திரன். அண்ணனைக் கொல்வித்தவனின் பெயரை எவரேனும் தம் பிள்ளைக்கு இடுவரோ? மதுராந்தகன் என்பது குலப்பெயர் போல வழங்கியது என்று இதற்கு மறுப்பும் கூறலாம். வழக்கு முடியவில்லை.

சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935-1937 ஆண்டுகளிலும், பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-இலும் வெளிவந்துவிட்டன. அதாவது, கல்கி எழுதத் தொடங்கியபோது இரு கட்சிகளும் களத்தில் இருந்தன. அவர் எதன் பக்கம் சாய்ந்தார்? இதற்கு அவர் கண்ட வழி வியப்புக்குரியது. அவர் மதுராந்தகனை இரண்டாகப் பிளந்தார். அரியணை ஆசையும் அச்சமும் கொண்டு பழுவேட்டரையர்களின் கைப்பாவையாய்த் திரிபவன் உண்மையான மதுராந்தகன் அல்லன்; செம்பியன் மாதேவியின் மெய்யான மகன் தேவாரம் பாடிப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன். ஆசைகொண்டவன் ஒருவன், அரசு பெற்றவன் வேறொருவன். சாஸ்திரியாரின் ஐயத்துக்கு உரியவனைப் போலி மதுராந்தகன் சுமந்து சென்றுவிட, பண்டாரத்தாரின் குற்றமற்ற உத்தம சோழன் முடி சூடிக்கொள்கிறான். குழந்தை மாற்றம் என்னும் பழங்கதை உத்தி வெறும் திருப்பத்துக்காக வந்தது என எள்ளுவோர் இதனை நோக்குவதில்லை. ஒரு வரலாற்று வழக்கில் ஆளையே இரண்டாக்கித் தீர்ப்பெழுதிய நாவலாசிரியர் உலக இலக்கியத்தில் எத்தனை பேர் இருப்பர்?

ஆனால் இத்தீர்ப்புக்கு ஒரு விலை இருந்தது. அதனைச் செலுத்தியவன் உண்மையான உத்தம சோழன். புதினத்தைப் படித்தோர் நெஞ்சில் அவனுக்கு இரு உருவங்கள் மட்டுமே உண்டு. ஒன்று பேராசைக்காரன், மற்றொன்று அரசியலறியாத பூக்காரப் பிள்ளை. இரண்டும் அவனல்ல. மன்னன் பெயர் பொறித்த சோழர் காசுகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அவனுடையது. கற்றளிகள் எழுப்பிய செம்பியன் மாதேவியின் பெரும் பணிகள் பல அவன் ஆட்சியில் நிகழ்ந்தவை. கோனேரிராசபுரமாகிய திருநல்லத்தில் கணவர் கண்டராதித்தர் வழிபடும் உருவத்தை அவர் செதுக்குவித்தார். அவனுடைய மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனிடம் பணிபுரிந்து கோயிற் கணக்குகளை ஆராய்ந்தமை கல்வெட்டுகளால் தெரிகிறது. பகைவனின் மகனாயின் அவ்வளவு நம்பிக்கை வைப்பது அரிது. இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னாலும், சேந்தன் அமுதன்தானே உத்தம சோழன் என்று வினவுவோர் இன்றும் உளர். கற்றோரிடமும் இவ்வினா எழுவதே கவலைக்குரியது.

அருள்மொழியின் துறவுக்கு வருவோம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்டவை. ஆதித்தன் மறைந்தபின் குடிகள் அருள்மொழியை ஆளுமாறு வேண்டினர் என்றும், தன் சிற்றப்பன் அரசை விரும்பும்வரை தான் அதனை மனத்தாலும் விரும்பேன் என அவன் மறுத்தான் என்றும் அவை கூறுகின்றன. மகன் தன் தந்தையின் புகழைப் பாடுவிக்கும் ஆவணம் அது என்பதை மறக்கலாகாது. அருள்மொழி இளவரசுப் பட்டம் பெற்றான் என்பதையும் அதே ஆவணம் சொல்கிறது. எனவே, துறந்தது அரசையா, அன்றி அரசுக்காகக் காத்திருக்கும் பொறுமையை ஏற்றானா என்னும் வினா இயல்பானது. கல்கி செப்பேட்டின் ஒரு தொடரை ஒரு பாகமாக விரித்து, அதனைத் தியாகம் எனத் துணிந்தார். 1954-இல் அத்துணிவுக்கு இருந்த பொருள் வேறு. பதவியை நாடாமல் தொண்டாற்றிய ஒரு தலைமுறை, பதவிகள் பங்கிடப்படுவதைத் தன் கண்ணெதிரே கண்டுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. முதற் பொதுத்தேர்தல் தொடரின் நடுவில்தான் நடந்தது. முடியைக் கையில் எடுத்துப் பிறன் தலையில் சூட்டும் இளவரசனைக் கண்டு அன்றைய வாசகர் கண்ணீர் விட்டதில் வியப்பில்லை. அரை நூற்றாண்டு கழித்துப் படித்த இளைஞர் அதனையே அரசியல் நயம் என்று பாராட்டுகின்றனர். சொல் ஒன்றே, படிப்போரின் காலம் மாறியதால் பொருள் மாறிவிட்டது.

ஈழத்துப் பகுதிகள் குறித்தும் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விட முடியாது. கல்கி ஓவியர் மணியத்துடன் இலங்கை சென்று நேரில் கண்டு எழுதிய அப்பகுதிகள் பெரும்பாலோரால் விரும்பப்படுபவை. அங்கே அருள்மொழி விகாரங்களைப் புதுப்பிக்கிறான். பிக்குகள் தர முன்வந்த இலங்கை அரசையும் மறுக்கிறான். வரலாற்றில் இராசராசனான பின் அவன் படை ஈழம் சென்றபோது அநுராதபுரம் பாழுற்றது என்பதும், சோழர் ஆட்சியின் தலைநகர் பொலன்னறுவையாயிற்று என்பதும், ஈழமண்டலத்து ஊர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நிவந்தமாயின என்பதும் அறிஞர் கண்ட முடிவுகள். இளவரசனும் பேரரசனும் ஒருவரே. புதினத்தின் அன்பான இளைஞனை மட்டும் கொண்டாடுவோர், புதினம் முடிந்த இடத்திற்கு அப்பால் அவனைப் பின்தொடர விரும்புவதில்லை.

வானதியின் நிலையும் இத்தகையதே. அரியணையில் அமரேன் என்று சபதம் செய்யும் அம்மென்மையான பெண்ணை இராசேந்திரனின் தாயாகிய வானவன் மாதேவியோடு கல்கி இணைத்தார். கல்வெட்டுகளிலோ இராசராசனின் தேவியர் பலர். அவருள் தலைமை பெற்றவர் உலகமாதேவி. திருவையாற்றில் வட கயிலாயம் எடுப்பித்தவரும் அவரே. அருள்மொழியும் வானதியும் என்று இருவரை மட்டும் மனத்தில் வைத்துத் திருவையாறு செல்லும் வாசகருக்கு அக்கோயில் சிறு அதிர்ச்சியைத் தருவதுண்டு. சுந்தர சோழரின் தேவியார் வானவன் மாதேவி, பால்மணம் மாறாத குழந்தையை விட்டுக் கணவருடன் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு கூறுகிறது. இம்மூவரின் தாய் அவர். புதினத்தைப் பற்றிய பேச்சுகளில் அவரைக் குறித்து எவரும் கருத்துரைப்பதில்லை.

குந்தவையைப் பொறுத்தவரை வரலாறு புதினத்தை விடவும் வளமானது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் இராசராசன் தான் கொடுத்தவற்றை அடுத்து, தன் தேவியர் கொடுத்தவற்றுக்கும் முன்னே ‘அக்கன்’ கொடுத்தவற்றை வைக்கிறான். அந்த ஒரு சொல்லின் அன்பு, கல்கி எழுதிய பல அத்தியாயங்களுக்கு ஈடானது. பெற்றோர் இருவருக்கும் அவள் அக்கோயிலில் திருமேனிகள் எழுந்தருளுவித்தாள். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணர்க்கும் தனித்தனியே கோயில் எடுத்தாள். தந்தையின் பெயரால் தஞ்சையில் ஆதுலர் சாலை அமைத்தாள். வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்று அக்கல்வெட்டுகள் அவளைக் குறிக்கின்றன. வந்தியத்தேவனைப் பற்றிக் கதைக்கு உதவும்படியாக அவை வேறு எதுவும் சொல்லவில்லை என்றே கூறலாம். அந்த வெறுமையிலிருந்துதான் தமிழின் மிகவும் விரும்பப்பட்ட கதைத்தலைவன் பிறந்தான். கொடையால் நிறைந்த அப்பெருமாட்டியின்மீதே பிற்காலத்தில் கொலைப் பழியும் வந்தது. காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ குந்தவையைக் குற்றக் கூண்டில் ஏற்றியபோது, ஒரு சாரார் துணிவெனப் பாராட்டினர். ஒரு சாரார் சொந்த வீட்டுப் பெண்ணைப் பழித்ததுபோல் வெகுண்டனர். இவ்வெகுளியே கவனிக்கத்தக்கது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அரசகுமாரிக்காக வெகுளும் மனம் கல்வெட்டினால் உருவானதன்று.

தொடர்ச்சி எழுதும் ஆசையும் ஒருவகை வாசகர் கருத்தே. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ கல்கி நிறுத்திய இடத்திலிருந்து கதையை மேற்கொண்டு நடத்தியது. பாலகுமாரனின் ‘உடையார்’ இராசராசனைப் பெரிய கோயில் கட்டும் முதிர்ந்த அரசனாகக் காட்டியது. முன்னதை எழுதியவர் கல்கியை விட்டுப் பிரிய மனமில்லாத வாசகர். பின்னதை எழுதியவர் கல்கியோடு வாதிடும் வாசகர். க. நா. சு. வழி வந்த திறனாய்வாளர்களோ கல்கியை வெகுசன எழுத்தாளர் என ஒதுக்கி, இந்நூலை இலக்கியப் பட்டியலில் சேர்க்கத் தயங்கினர். பாத்திரங்களின் அக உலகம் ஆழமற்றது என்னும் அவர்தம் கருத்தில் உண்மை உண்டு. கரிகாலன் மட்டும் அதற்கு விலக்கு. எனினும் பிள்ளைகளுக்கு வானதி என்றும் பூங்குழலி என்றும் அருள்மொழி என்றும் பெயரிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களின் தீர்ப்பை எந்தப் பட்டியலும் பதிவு செய்யவில்லை.

எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியில் படமாக்க முயன்று கைகூடாத இக்கதை, 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினரால் சென்னையில் மேடையேறியது. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இயக்கத்தில் இரு பாகத் திரைப்படமாயிற்று. அப்போது எழுந்த வாசகர் கருத்துகள் பழைய வழக்காடலின் மறுபதிப்பாக இருந்தன. மணிமேகலை எங்கே என்றனர்; சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியத்தை நீக்கியது முறையா என்றனர். திரைப்படத்தில் அருள்மொழி முடியை மதுராந்தகனுக்கே சூட்டுகிறான். குழந்தை மாற்றம் இல்லை. மூலத்துக்குத் துரோகம் என இதனைக் கடிந்தோர் பலர். வேடிக்கை என்னவெனில், அந்த ஓரிடத்தில் மட்டும் திரைப்படம் கல்கியை விட்டு விலகித் திருவாலங்காட்டுச் செப்பேட்டை நெருங்கியிருந்தது. அரசை விரும்பிய சிற்றப்பன் ஒருவனே. அரசு பெற்றவனும் அவனே.

அவ்வரசனின் பதினாறாம் ஆட்சியாண்டுச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சிபுரத்து ஊரகம் கோயிலின் பூசைகளுக்கும் விழாக்களுக்குமான முதல்களையும், அவற்றைப் பேணும் பொறுப்பேற்ற நெசவாளர் குடியிருப்புகளையும், அவர்களுக்குரிய கடமைகளையும் அது நிதானமாக வரிசைப்படுத்துகிறது. கொலையும் இல்லை, குழந்தை மாற்றமும் இல்லை. நெல்லும் பொன்னும் எண்ணெயும் உள்ளன.